எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு

ராகலை
23.5.1954

பெரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நலமாக இல்லாதவள் நலம் விசாரித்தால் நடிப்பாகிவிடும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு வேலை நீக்கப் பற்றுச்சீட்டு கொடுத்துக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு அனுப்பியது உங்களுக்குத் தெரியும். நாங்கள் சாமான் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வழியாகத்தான் ரோட்டுக்கு இறங்கினோம். நீங்கள் உள்ளே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். சத்தம் கேட்டது. இப்போது ராகலையில் அப்பாவின் சித்தப்பா மகன் அழகன் இருக்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில், ஒண்டியிருக்கிறோம். ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம். வெளித்தோட்டத்து ஆட்களை வைத்திருப்பது தெரிந்தால் அவருக்கும் சீட்டுக் கிழியும் என்பதால், கங்காணி வருகிற சத்தம் கேட்டால் நாங்கள் பின்பக்கத்து மரக்கறிப் பாத்திக்குள் போய்க் குனிந்துகொள்கிறோம். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் முட்டைக்கோவா இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும்.

சார், மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தேயிலைக் கொழுந்து அதிகமாகும் நாட்களில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா விசில் ஊதி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிறாரே, இனிமேல் அனுப்புவதில்லை, பாட நேரத்தில் வகுப்புக் கதவைப் பூட்டி வைப்பது என்று நீங்கள் பேசினீர்கள். நல்ல பேச்சு. அழகுமுத்து மாஸ்டர் தலையாட்டினார். றுக்கையா டீச்சர் கைதட்டினார். நான் மட்டும்தான், "துரைக்குக் கோபம் வந்தா என்ன சார் செய்யிறது?" என்று கேட்டேன். "கூட்டத்தின் முடிவு தனி ஆளின் முடிவு அல்ல, யாரையும் தனியாகத் தொட முடியாது" என்றீர்கள். நம்பிக் கை தூக்கினேன். என் வகுப்பு என்பதால் கதவைப் பூட்டியதும் நான்தான்.

தோட்டத்தை நடத்தும் துரை உங்களைத் தன் கந்தோர் மேசைக்கு முன்னால் கூப்பிட்டு, யார் உத்தரவு என்று கேட்டபோது, "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று சொன்னீர்களாம். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டதற்கு எங்கள் பெயர்களை வரிசையாகச் சொன்னீர்களாம். கந்தோரில் கணக்கு எழுதும் பெரிய கிராணி அப்பாவிடம் சொன்னது இது.

உங்களை நீக்க வேண்டுமென்றால் துரை கல்விக் கந்தோருக்கு எழுத வேண்டும். அழகுமுத்து மாஸ்டருக்கு மாத்தளையில் வீடு இருக்கிறது. றுக்கையா டீச்சரின் வாப்பாவுக்குக் கொட்டகலைக் கடைவீதியில் துணிக்கடை. நான் மட்டும்தான் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். உங்கள் கை தனிக் கை. என் கையைப் பிடித்து அப்பா, அம்மா, தம்பிமார், தங்கச்சி எல்லாரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்த வேண்டிய தேவைகூடத் துரைக்கு இருக்கவில்லை. அப்பாவைத் துரத்தினால் மகள் தானாகப் போவாள்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். "கதவைப் பூட்டும் உத்தரவு தலைமையாசிரியனான என்னுடையது, மீனம்மா அதற்குக் கீழ்ப்படிந்தவர்" என்று துரைக்கு ஒரு வரி எழுதுங்கள். அப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ள அது போதும் என்று கிராணியே சொல்கிறார்.

தோட்டத்துத் தபால் பையில் போட்டால் இங்கே பிரித்துப் பார்ப்பார்கள். ராகலைக் கடைவீதி ஹமீத் நானா கடை முகவரிக்கு என் பெயர் போட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மீனம்மா


வெள்ளாட்டுமலைத் தோட்டப் பாடசாலை
கொட்டகலை
6.6.1954

அன்புள்ள மீனம்மா டீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மனம் மிகவும் வேதனைப்பட்டது. நீங்கள் ரோட்டுக்கு இறங்கிய அன்று நான் வெளியே வராததற்குக் காரணம், வந்தால் பிள்ளைகள் எல்லாரும் பின்னால் ஓடி வந்திருப்பார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு முன்னால் இங்கே இருந்த தலைமை வாத்தியாரை உங்களுக்குத் தெரியும், அவரிடம் படித்தவர் நீங்கள். அவர் காலத்தில் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுத ஒரு வெண்கட்டிக்கும் அவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அதை மாற்றியவன் நான். பள்ளிக்கூடத்தை நடத்துவது தலைமையாசிரியன் மட்டும் அல்ல, கற்பிக்கிற எல்லாரும்தான் என்று சொல்லி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கொண்டுவந்தேன். நேர அட்டவணை முதல் கழிவறைக்குத் தகரம் போடுவது வரை உங்கள் எல்லாரையும் கேட்டுத்தான் செய்தேன். இந்த மலைநாட்டில் வேறு எந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் லயத்துப் பெண் ஒருத்திக்கும் தலைமையாசிரியனுக்கும் சமமான வாக்கு இருந்தது, சொல்லுங்கள்?

துரை கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உத்தரவு என்னுடையது என்று இப்போது எழுதினால் இரண்டு தீங்கு நடக்கும். ஒன்று, அது பொய். இரண்டு, இந்தக் கூட்டமெல்லாம் வெறும் வேஷம், உள்ளே முத்துலிங்கம் சொல்வதுதான் சட்டம் என்று நானே எழுதிக்கொடுத்ததாகும். நாம் கட்டியதை நானே இடிப்பதா?

தொழிற்சங்கத்தில் முறையிடுங்கள். அவர்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
க. முத்துலிங்கம்


ராகலை
14.6.1954

பெரிய சாருக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அப்பா உங்கள் வணக்கத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டார். "அந்தப் பெரிய வாத்தியாரு நல்ல மனுசன்டி. நல்ல மனுசங்ககிட்டதான் நாம மாட்டிக்கிறது" என்றார். அப்பா வேடிக்கையாகப் பேசி வெகு நாளாகிறது, அதனால் எல்லாரும் சிரித்தோம்.

அம்மா சிரிக்கவில்லை. "கை தூக்குனியே, இப்ப இந்தத் தண்ணித் தகரத்த தூக்கு" என்று என் இடுப்பில் வைத்தாள். தண்ணீர் பிடிக்கிற பீலி தூரம். தண்ணீர் சுமந்துகொண்டு வரும்போது யோசித்தேன். சமமான வாக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வாக்கு சமம்தான் சார், நான் மறுக்கவில்லை. உங்களுக்கு அடி விழுந்ததா? அழகுமுத்து மாஸ்டருக்கு விழுந்ததா? அடியும் சமமாக விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

பழைய தலைமை வாத்தியாரைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் பிரம்பு எனக்கு நன்றாகத் தெரியும், முழங்காலுக்குக் கீழே தழும்பு இருக்கிறது. ஆனால் ஒரு தடவை பிள்ளைகள் துரை பங்களாப் பூந்தொட்டியை உடைத்துவிட்டார்கள் என்று வாட்சர் வந்து நின்றபோது, "எம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க என்ன செஞ்சாலும் நாந்தான் செஞ்சேன்னு போய்ச் சொல்லு" என்று அனுப்பினார். உள்ளே வந்து எங்களை அடித்தார், அது வேறு. நான் அவரை உயர்த்திப் பேசவில்லை. அவர் மோசமான மனிதர். அந்த மோசமான மனிதருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே.

சங்கத்துக்குப் போனோம். பார்க்கலாம் என்றார்கள். வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்குமாம். அப்பா இப்போது ஒரு சிங்கள முதலாளியின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கிடைக்கிற நாளில் மண் கொத்துகிறார். மழை பெய்தால் வேலை இல்லை. மழைதான் பெய்துகொண்டிருக்கிறது.

ஒரு வரிதான் சார். மறுபடி கேட்கிறேன்.

மீனம்மா


கொட்டகலை
11.7.1954

அன்புள்ள மீனம்மா டீச்சருக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். உங்கள் வேண்டுகோளைப் பற்றி நான் பல நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். கடைசியில், இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியாக முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. ஆகவே அதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்தேன்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் உரக்க வாசித்தேன். றுக்கையா டீச்சர் அழுதுவிட்டார். "இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு சார், இன்னைக்கே எழுதிக் குடுங்க" என்றார். அழகுமுத்து மாஸ்டர் வேறு விதமாகச் சொன்னார். ஆறாம் வகுப்புக்கு ஒரு மண்டபம் கட்ட நாம் துரையிடம் இடம் கேட்டிருக்கும் சமயத்தில் பழைய பிணக்கைக் கிளறினால் தலைமையாசிரியரை மாற்றிவிடுவார்கள், மண்டபமும் போகும், வருகிறவர் பிரம்போடு வருவார் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. வாக்கெடுத்தோம். எழுத வேண்டாம் என்று அவர் கை தூக்கினார். தலைவன் என்று ஒதுங்கி நிற்பது கோழைத்தனம் என்பதால் நானும் ஒரு பக்கம் கை தூக்க வேண்டியதாயிற்று. எழுத வேண்டாம் என்று முடிவானது.

இது என் தனிப்பட்ட விருப்பம் அல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். இத்துடன் ஒரு நற்சான்றிதழ் வைத்திருக்கிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டேன். விண்ணப்பியுங்கள்.

அன்புடன்,
க. முத்துலிங்கம்


ராகலை
18.7.1954

பெரிய சாருக்கு,

என் அப்பாவுக்குச் சோறு கிடைக்குமா என்று நீங்கள் கை தூக்கிப் பார்த்தீர்களா?

நானும் அந்தக் கூட்டத்தின் ஆள்தானே? என் வாக்கு எங்கே? அழகுமுத்து மாஸ்டர் மாத்தளையில் கட்டில் போட்டுப் படுத்தால், அவர் வாக்குக்கு உயிர் இருக்கிறது. நான் பாத்திக்குள் குனிந்திருப்பதால் என் வாக்கு செத்துவிட்டதா? என் கடிதங்களை உரக்க வாசித்தீர்களாமே. நான் அவற்றை உங்களுக்கு எழுதினேன். கூட்டத்துக்கு எழுதவில்லை.

றுக்கையா டீச்சரிடம் சொல்லுங்கள், அவர் அழுததற்கு மீனம்மா நன்றி சொன்னாள் என்று.

மீனம்மா


கொட்டகலை
12.9.1954

அன்புள்ள மீனம்மா டீச்சருக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. கோபத்தில் எழுதியது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நல்ல செய்தி. ஆறாம் வகுப்பு மண்டபத்துக்குத் துரை சம்மதித்துவிட்டார். தகரமும் மரமும் தோட்டமே தருகிறது. வருகிற ஜனவரியில் திறப்போம். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு ஹட்டனுக்கு நடக்க வேண்டியதில்லை. நீங்கள் எத்தனை தடவை கூட்டத்தில் கேட்டது இது! உங்கள் ஆசை நிறைவேறியது என்று நினைத்து மகிழுங்கள்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர் சொல்லிக் கேட்டால் தப்பாகப் படும். மண்டபத்துக்குப் பதிலாகத் துரை ஒரு சின்ன விட்டுக்கொடுப்புக் கேட்டார். கொழுந்து அதிகமான நாட்களில் மட்டும், இடைவேளைக்குப் பிறகு மட்டும், ஐந்தாம் வகுப்பில் வளர்ந்த பிள்ளைகள் மட்டும் மலைக்குப் போகலாம். காலையில் பாடம் நடந்துவிடும். அழகுமுத்து மாஸ்டரும் நானும் நீண்ட நேரம் பேசி ஏற்றுக்கொண்டோம். றுக்கையா டீச்சர் கூட்டத்தில் இல்லை. ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பவில்லை. காரணம் எழுதித் தரவும் இல்லை.

பொகவந்தலாவைக்கு விண்ணப்பித்தீர்களா?

அன்புடன்,
க. முத்துலிங்கம்


ராகலை
3.10.1954

பெரிய சாருக்கு,

பொகவந்தலாவைக்குப் போனேன். பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறும்போது வாந்தி. இருந்தாலும் நீங்கள் கொடுத்த சான்றிதழைத் தம்பியின் சட்டைத் துணியில் சுற்றி நனையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கே இருந்த கிராணி ஐயா வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காரு. தன் விருப்பத்தின் பேரில் விலகினார்னு போட்டிருக்கே. நல்ல வேலைய ஏன்மா விருப்பப்பட்டு விட்ட?" என்று கேட்டார். நீங்கள் அப்படி எழுதியிருப்பதை அதுவரை நான் கவனிக்கவில்லை சார். புகழ்ந்த வரிகளைப் படித்துச் சந்தோஷப்பட்டுக் கடைசி வரியை விட்டுவிட்டேன். என் விருப்பமா? யார் விருப்பம் அது? அதற்கும் வாக்கெடுத்தீர்களா?

நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லி எனக்கும் பழக்கமில்லை, உங்களிடம் வேலை பார்த்தவள்தானே. பற்றுச்சீட்டு வாங்கின குடும்பம் என்று தெரிந்ததும் சான்றிதழை மடித்துக் கையில் கொடுத்து, "துரைமாருங்க கிளப்புல ஒன்னா உக்காந்து பேசுறவங்கம்மா. நான் சேத்தா எனக்கும் கெட்ட பேரு" என்றார். மரியாதையான மனிதர். பிளேன்டீ கொடுத்து அனுப்பினார்.

மண்டபம் பற்றி எழுதியிருந்தீர்கள். மகிழச் சொன்னீர்கள். ஐந்தாம் வகுப்பை மலைக்கு அனுப்பிவிட்டு ஆறாம் வகுப்புக்கு மண்டபம் கட்டுகிறீர்கள். ஜனவரியில் அதற்குள் யார் உட்காருவார்கள் என்று கூட்டத்தில் கேட்க ஆளில்லை போலிருக்கிறது. எங்களை வீட்டை விட்டு இறக்கியது நான் பூட்டிய அந்த ஐந்தாம் வகுப்புக் கதவு. அதைத் திறந்தே போட்டுவிட்டீர்கள். அப்படியென்றால் நாங்கள் எதற்காகப் போனோம் சார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

அழகன் சித்தப்பாவின் கங்காணிக்கு எங்கள் விஷயம் தெரிந்துவிட்டது. மாத முடிவுக்குள் வெளியேறச் சொல்லியிருக்கிறார். அப்பா நேற்று ஒருவரிடமும் சொல்லாமல் வெள்ளாட்டுமலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். துரையைப் பார்க்கப் போகிறார் என்று நினைக்கிறேன். கண்டால் அவருக்கு ஒரு வாய்த் தேத்தண்ணீர் கொடுங்கள். அதற்குக் கூட்டம் வேண்டாம்.

மீனம்மா


கொட்டகலை
10.10.1954

அன்புள்ள மீனம்மா டீச்சருக்கு,

உங்கள் தகப்பனாரைக் கண்டேன். கந்தோர் வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தார், தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தபடி. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். "நான் உள்ள வந்தா துரை பாத்துருவாருங்க" என்று வர மறுத்துவிட்டார். என்னோடு நின்றால் தனக்குக் கெடுதல் என்று அவர் நினைத்தது என்னை மிகவும் வருத்தியது.

அன்று மாலை நான் எழுதிவிட்டேன். ஆம், நீங்கள் கேட்ட அதே வரியை. கூட்டத்தைக் கேட்கவில்லை. அழகுமுத்து மாஸ்டருக்குக்கூடத் தெரியாது. மறுநாள் பங்களாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "வாத்தியார், இது இப்ப வேணாம். கிழவன் சரி சொல்லிட்டான். குடும்பம் திரும்பி வர்றது" என்றார். எனக்கு உயிர் வந்தது. மீனம்மா பள்ளிக்கூடத்துக்கு வரலாமா என்று கேட்டேன். சிரித்தார். சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கவில்லை.

எப்படியானாலும் நான் எழுதவில்லை என்று இனி நீங்கள் சொல்ல முடியாது. அந்தக் காகிதம் என் மேசையில் இருக்கிறது, வந்தால் பார்க்கலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு, எதற்காகப் போனீர்கள் என்பதற்கு, ஒன்றைத்தான் சொல்ல முடியும். நாம் ஒரு நல்ல காரியம் செய்ய முயன்றோம் என்பது மட்டும் உண்மை. முன்போல ஒரு வெள்ளிக்கிழமை வந்து உட்காருங்கள். நீங்கள் உட்காரும் வாங்கு காலியாகவே இருக்கிறது.

அன்புடன்,
க. முத்துலிங்கம்


வெள்ளாட்டுமலைத் தோட்டம்
14.11.1954

பெரிய சாருக்கு,

இதைத் தபாலில் போடவில்லை, தங்கச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டுவது வீண் செலவு.

நாங்கள் வந்து இரண்டு வாரமாகிறது. பழைய அறை இல்லை, கடைசி லயத்தில் ஒழுகுகிற அறை. நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று அப்பா இரண்டு நாள் வாசல் இஸ்தோப்பைக் கூட்டி வைத்தார். பிறகு விட்டுவிட்டார்.

துரையின் சிரிப்புக்குப் பொருள் கேட்டிருந்தீர்கள். அப்பாவும் அம்மாவும் திரும்பி வரலாம், ஆனால் படித்த மகள் பள்ளிக்கூடத்துப் படி ஏறக் கூடாது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துக் கூடை எடுக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. அப்பா அதற்குத்தான் மழையில் நின்று சரி சொன்னார். ராகலைக்கு வந்து இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வேறு வழி இருந்திருந்தால் போயிருப்பார். உங்களுக்கு வேறு வழி இருந்தது சார். மே மாதத்தில் இருந்தது, ஜூன் மாதத்தில் இருந்தது. மேசையில் இருக்கிற காகிதத்தை நான் வந்து பார்க்கவில்லை. படி ஏறக் கூடாது என்பதால் மட்டுமல்ல, பார்க்க விருப்பமில்லை. இதைத் தன் விருப்பத்தின் பேரில் என்று நீங்கள் தாராளமாக எழுதலாம்.

வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். இடைவேளை மணி அடித்தது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கண்டாக்கையா விசில் ஊதினார். பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்த அழகம்மாவை என் பக்கத்து நிரையில் விட்டார்கள். இடுப்பில் சாக்குக் கட்டத் தெரியவில்லை, இழுத்துக் கட்டிவிட்டேன். அரும்பும் இரண்டு இலையும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளை, உங்களுக்குத் தெரியும்.

இரண்டு பிடி கிள்ளிக் கூடையில் போட்டாள். பிறகு என் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒங்களையும் மீட்டிங் போட்டுத்தான் அனுப்புனாங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன்.

மீனம்மா